திமிங்கிலமும் கிடாயும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை. ஓரிரு இடங்களில் மட்டும் சுருக்கி, பேசியவாறே அச்சிடப்படுகிறது.)



"ஜப்பானில் நாலு வருஷம் இருந்துட்டு வந்திருக்கே. வந்து இருபது நிமிஷம் பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் போனில் சொன்னார். புல்லட் ரயிலைப் பற்றியோ, தொழிற்சாலை ஒழுங்கைப் பற்றியோ பேசுவேன் என்று நினைத்திருப்பார். தலைப்பைச் சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "திமிங்கிலமா? நீ மெக்கானிக்கல்தானே?" என்றார்.

ஆமாம், மெக்கானிக்கல்தான். 2009இல் வெளியே போன செட். ஆனாலும் இந்த விஷயத்தை நான் பேசித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் இதில் நான் ஒரு தப்பு செய்தேன். அந்தத் தப்பை இந்தக் கல்லூரியில் படித்த காலத்திலேயே செய்ய ஆரம்பித்துவிட்டேன் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

எங்கள் ஹாஸ்டல் அறையில் மூன்று பேர். ஒருவன் முட்டை வாசனை வந்தாலே தலையணையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுவான். இன்னொருவன் மாட்டிறைச்சியும் சாப்பிடுவான். நடுவில் நான். ஆடு, கோழி, மீன் வரைக்கும் சரி. அதற்கு மேலே பேச்சு வந்தால் முகம் சுளிப்பேன். நாலு வருஷத்தில் இதற்காக ஒருநாள் கூடச் சண்டை வந்ததில்லை. பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

படிப்பு முடிந்து சேர்ந்த முதல் வேலை குளிர்பதனத் துறையில். நான் தனியாகக் கணக்குப் போட்ட முதல் பிளாண்ட், பல்லடம் பக்கத்தில் ஒரு கோழி இறைச்சி நிலையத்துக்கு. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் கோழி வரும். எத்தனை டன் குளிர்ச்சி, என்ன கம்ப்ரஸர், எவ்வளவு மின்சாரம் என்று எல்லாவற்றையும் கேட்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வருகிறேன்.

2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக இரண்டு இரவு உட்கார்ந்திருந்தேன். "எங்கள் பண்பாட்டைப் பற்றி வெளியில் இருப்பவனுக்கு என்ன தெரியும்?" என்று தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தினேன். அதே வருஷம் நடுவில் ஜப்பானுக்கு வேலை கிடைத்துப் போனேன். யமகுச்சி மாநிலம். பக்கத்தில் ஷிமோனோசெக்கி துறைமுகம். அது திமிங்கில வேட்டைக் கப்பல்களின் ஊர் என்பது போகும்போது எனக்குத் தெரியாது.

2018 டிசம்பர் 26ஆம் தேதி, சர்வதேசத் திமிங்கில ஆணையத்திலிருந்து விலகுவதாக ஜப்பான் அறிவித்தது. 2019 ஜூலை 1ஆம் தேதி முதல் தன் கடல் எல்லைக்குள் வணிக வேட்டை தொடங்கும் என்றது. அடுத்த சில மாதங்களில் எங்கள் பிரிவுக்கு ஒரு சின்ன வேலை வந்தது. இறைச்சி சேமிக்கும் ஒரு குளிர்கிடங்கைப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் பிரிவுத் தலைவர், அங்கே 'கச்சோ' என்பார்கள், ஃபைலை என் மேஜையில் வைத்தார். திறந்து பார்த்தேன். திமிங்கில இறைச்சி.

எழுந்து போய், "இதை மட்டும் என்னால் செய்ய முடியாது" என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை. ஃபைலை எடுத்து வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. கொள்கைக்காக நின்றுவிட்டோம் என்று அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "ஏன்டா, அது மீன்தானே?"

நண்பர்களே, பல நூற்றாண்டுகள் ஜப்பானும் அப்படித்தான் நினைத்தது. 675ஆம் ஆண்டிலேயே தென்மு என்ற அரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சிக்குத் தடை போட்டார். பௌத்தத்தின் செல்வாக்கு. கடலில் இருப்பது அந்தக் கணக்கில் வரவில்லை. திமிங்கிலத்துக்கு அவர்கள் எழுதும் எழுத்திலேயே மீனைக் குறிக்கும் பகுதி இருக்கிறது. இதைவிட வேடிக்கை, தடையை மீறிக் காட்டுப்பன்றி சாப்பிட்டவர்கள் அதற்கு வைத்த பெயர் 'மலைத் திமிங்கிலம்'. பெயரை மாற்றிவிட்டால் பாவம் மாறிவிடும்! நம்மூரில் மட்டும்தான் இந்தச் சாமர்த்தியம் உண்டு என்று நினைத்திருந்தேன்.

வகயமா மாநிலத்தின் தைஜி என்ற ஊரில் 1606 முதல் ஒழுங்கான திமிங்கில வேட்டை நடந்திருக்கிறது. துடுப்புப் படகு, வலை, கை ஈட்டி, இவ்வளவுதான் கருவி. 1878இல் ஒரு தாய்த் திமிங்கிலத்தைத் துரத்திப் போன படகுகள் புயலில் சிக்கி, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பி வரவில்லை. அந்த ஊரின் வேட்டையே அதோடு ஒடிந்துபோயிற்று. ஒரு திமிங்கிலம் கிடைத்தால் ஏழு கடலோர ஊர் செழிக்கும் என்று அங்கே பழமொழி உண்டு. இறைச்சி, எண்ணெய், எலும்பு, நரம்பு எதையும் எறிய மாட்டார்கள். அவர்களுடைய பொம்மலாட்டப் பொம்மைகளின் தலையை அசைக்கும் ஸ்பிரிங் கூடத் திமிங்கிலத்தின் வாய்த்தகட்டில் செய்ததுதான்.

ஆனால் இந்தக் கதையை வைத்து எல்லாவற்றையும் நியாயப்படுத்த முடியாது. ஜப்பானியக் கப்பல்கள் அண்டார்க்டிகா போக ஆரம்பித்தது 1934இல்தான். நாடு முழுக்கத் திமிங்கிலம் சாப்பிட்டது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னே வந்த பஞ்ச காலத்தில். 1946இல் அமெரிக்க ஜெனரல் மக்ஆர்தர்தான் அண்டார்க்டிகாவுக்குக் கப்பல் அனுப்ப அனுமதி கொடுத்தார். அந்தத் தலைமுறைக்குப் பள்ளிக்கூட மதிய உணவில் திமிங்கிலம் போட்டார்கள். எங்கள் கச்சோவுக்கு அது பாட்டன் காலத்துப் பெருமை கிடையாது; பசித்த வயிற்றோடு வளர்ந்த அப்பா சொன்ன கதை. 1962 வாக்கில் வருஷத்துக்கு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் சாப்பிட்ட நாடு, இப்போது அதில் ஒரு சதவீத அளவில் வந்து நிற்கிறது.

மேற்கத்திய நாடுகள் மட்டும் யோக்கியமா? அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும் விளக்குக்கும் இயந்திரத்துக்கும் எண்ணெய் எடுத்துக்கொண்டு பெரும்பாலும் இறைச்சியைக் கடலிலேயே விட்டார்கள். 1853இல் அமெரிக்கக் கடற்படை ஜப்பானின் கதவைத் தட்டியதற்கே ஒரு காரணம், தங்கள் திமிங்கில வேட்டைக் கப்பல்களுக்கு ஒதுங்க ஒரு துறைமுகம் வேண்டும் என்பதுதான். 1870 வாக்கில் நார்வேக்காரர் ஸ்வென் ஃபாயின், வெடிக்கும் ஈட்டியைச் சுடும் பீரங்கியைச் செய்தார். 1925இல், பிடித்த திமிங்கிலத்தைப் பின்பக்கச் சறுக்குத் தளம் வழியாக இழுத்து உள்ளேயே அறுக்கும் தொழிற்சாலைக் கப்பல் வந்தது. இரண்டும் நம் துறைக்காரர்களின் கைவரிசை! 1930-31 பருவத்தில் மட்டும் ஏறக்குறைய 29,000 நீலத் திமிங்கிலங்கள் போயின. இருபதாம் நூற்றாண்டு முழுவதும் கொல்லப்பட்ட பெரிய திமிங்கிலங்கள் சுமார் 29 லட்சம். சோவியத் நாடு ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கணக்கில் காட்டாமலே கொன்றது என்பது 1990களில்தான் வெளியே வந்தது. கடைசியில் 1982இல் ஆணையம் வணிக வேட்டையை நிறுத்தத் தீர்மானித்தது. 1986இல் அமலுக்கு வந்தது. ஜப்பான் அதன் பிறகு 'ஆராய்ச்சி' என்ற பெயரில் தொடர்ந்தது. அண்டார்க்டிகாவில் நடப்பது ஆராய்ச்சிக்கான வேட்டை ஆகாது என்று 2014 மார்ச்சில் சர்வதேச நீதிமன்றம் 12க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. ஃபைலைத் திருப்பிக் கொடுத்தபோது என்னிடம் இருந்தது ஓர் அருவருப்பு மட்டும்தான். அதைக் கொள்கை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு விடுமுறை நாளில் கச்சோ என்னைத் தன் காரில் நகாதோ பக்கம் அழைத்துப் போனார். கயோய் என்று ஒரு மீனவர் ஊர். அங்கே 1692இல் நட்ட ஒரு கல் இருக்கிறது. பிடித்த தாய்த் திமிங்கிலத்தை அறுக்கும்போது வயிற்றில் இருந்த குட்டிகளைக் கடலைப் பார்த்த அந்த இடத்தில்தான் புதைத்தார்கள். எழுபதுக்கும் மேற்பட்ட குட்டிகள். அந்த ஊர்ப் பௌத்தக் கோயிலில் ஒரு பதிவேடு உண்டு. மனிதர் செத்தால் வைப்பது போலத் திமிங்கிலத்துக்கும் மறுமைப் பெயர் வைத்து, என்றைக்கு இறந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

கல் முன்னால் நின்றபோது எனக்கு எங்கள் குலதெய்வக் கோயில் ஞாபகம் வந்துவிட்டது. கிடாய்க்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, மாலை போட்டு, எல்லோரும் காத்திருப்போம். அது உடம்பைச் சிலிர்க்க வேண்டும். சிலிர்த்தால்தான் சாமி உத்தரவு. அதுவரை அரிவாள் ஓங்காது. சின்ன வயதில், சிலிர்க்கவே கூடாது என்று நான் வேண்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். மத்தியானம் பந்தியில் முதல் வரிசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். உயிரை எடுக்கும்போது மனசு உறுத்துகிறது. அந்த உறுத்தலுக்கு ஒவ்வோர் ஊரும் ஒரு சடங்கு வைத்துக்கொள்கிறது. இரண்டு ஊருக்கும் நடுவே எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர். உறுத்தல் ஒன்றுதான்.

திரும்பும் வழியில், என்னுடைய கொள்கையை விளக்க ஆரம்பித்தேன். "அழியும் உயிரா என்று பார்க்க வேண்டும். எவ்வளவு நேரம் துடிக்கிறது என்று பார்க்க வேண்டும். அது இல்லாமல் வாழ முடியாதா என்று கேட்க வேண்டும். இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் நான் வேலை செய்ய மாட்டேன்." அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டார்: "இந்தியாவில் கோழி நிலையம் செய்ததாக உங்கள் பயோடேட்டாவில் பார்த்தேன். இந்த மூன்றையும் அங்கே கேட்டீர்களா?"

நான் கேட்டது டன்னும் கிலோவாட்டும்தான் என்று முன்னாலேயே உங்களிடம் சொன்னேன். அவரிடமும் அதைத்தான் சொல்ல முடிந்தது. அதன் பிறகு ஷிமோனோசெக்கி வரும்வரை இருவரும் பேசவில்லை.

தம்பி தங்கைகளே, அன்று ராத்திரியிலிருந்து அந்த மூன்று கேள்விகளை உண்மையாகவே கேட்க ஆரம்பித்தேன். கிடைத்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதல் கேள்வி, எண்ணிக்கை. திமிங்கிலம் என்று ஒரே பெட்டியில் போடக் கூடாது. அண்டார்க்டிகாவின் நீலத் திமிங்கிலம் இன்னும் அழிவின் விளிம்பில் இருக்கிறது. சேய் திமிங்கிலம் ஆபத்தில் இருக்கும் இனம். அதையும் ஜப்பான் பிடிக்கிறது. 2024இல் துடுப்புத் திமிங்கிலத்தையும் சேர்த்துக்கொண்டது. நார்வே பிடிக்கும் மிங்கி திமிங்கிலத்துக்கு அந்த ஆபத்து இல்லை.

எண்ணுவது யார் என்பதும் முக்கியம். 1977இல் அலாஸ்காவின் இனுபியாட் மக்கள் வில்தலைத் திமிங்கிலத்தைப் பிடிக்கக் கூடாது என்று ஆணையம் தடுத்தது. மிஞ்சியிருப்பது அதிகம் போனால் இரண்டாயிரம் என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். கரையோரப் பனியில் உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரிந்ததை எண்ணிய கணக்கு அது. "திமிங்கிலம் பனிக்கு அடியிலும் போகும், கண்ணுக்கு எட்டாத தூரத்திலும் போகும், உங்கள் கணக்கு தப்பு" என்றார்கள் வேட்டைக்காரப் பெரியவர்கள். பிறகு தண்ணீருக்குள் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டார்கள். பெரியவர்கள் சொன்னதுதான் சரி. இன்று அந்த இனம் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கிறது; அளவான வேட்டையும் நடக்கிறது. படிக்காதவன் என்று நாம் நினைப்பவனிடம் டேட்டா இருக்கலாம். நம் கருவி சரியா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி, வலி. நார்வேயில் 2011, 2012ஆம் ஆண்டுகளில் 271 மிங்கி திமிங்கிலங்களைக் கவனித்துக் கணக்கெடுத்தார்கள். 82 சதவீதம் அந்தக் கணமே இறந்தன. மீதியில் பாதிக்கு ஆறு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. ஆறு நிமிஷம் என்றால் என்னவென்று தெரிய, கடிகாரத்தைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்து பாருங்கள். ஐஸ்லாந்தில் 2022இல் பிடித்த 148 திமிங்கிலங்களில் 36ஐ ஒரு தடவைக்கு மேல் சுட வேண்டியிருந்தது. அந்த அறிக்கை வந்ததும் 2023 கோடையில் அமைச்சரே வேட்டையை ஆகஸ்ட் கடைசி வரை நிறுத்தினார். ஆடும் கடலில், ஆடும் கப்பலிலிருந்து, ஓடும் உயிரைச் சுட வேண்டும். எவ்வளவு நல்ல கருவி செய்தாலும் அந்த மிச்ச சதவீதம் போகாது.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரு மிங்கியில் ஒரு டன்னுக்கு மேல் இறைச்சி. கோழிக்கு ஒன்றரை கிலோ என்று வைத்தாலும் அது அறுநூறு, எழுநூறு கோழிக்குச் சமம். திமிங்கிலம் சாகும் நாள்வரை கடலில் சுதந்திரமாகத் திரிந்தது. நம் பிராய்லர் கோழி ஆறு வாரம் ஷெட்டில் இருந்துவிட்டு வருகிறது. அறிவுள்ள பிராணி என்பதற்காகத் திமிங்கிலத்தை விட வேண்டுமென்றால் பன்றியையும் விட வேண்டும். "கங்காருவைச் சுடும் ஆஸ்திரேலியா எங்களுக்குப் பாடம் எடுக்கலாமா?" என்று ஜப்பானியர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அடுத்தவன் தப்பு நம் தப்புக்கு ரசீது ஆகாது.

மூன்றாவது, தேவை. பனியில் பயிர் விளையாத ஊரில் ஒரு திமிங்கிலம் ஊருக்கே குளிர்காலச் சாப்பாடு. சூப்பர் மார்க்கெட் பக்கத்திலேயே இருக்கும் நகரத்தில் அது ஒரு தின்பண்டம். ஃபேரோ தீவுகளில் பைலட் திமிங்கிலத்தைக் கரைக்கு விரட்டிப் பிடிப்பது பல நூற்றாண்டு வழக்கம். இறைச்சியை ஊருக்குள் பங்கு போட்டுக்கொள்வார்கள். அங்கேயே 2008இல், அதில் பாதரசம் அதிகம், இனி சாப்பிட வேண்டாம் என்று அரசு மருத்துவர்களே சொல்லிவிட்டார்கள். 2021 செப்டம்பர் 12ஆம் தேதி ஒரே நாளில் 1,400க்கும் மேற்பட்ட டால்ஃபின்களைக் கொன்றபோது, அந்தத் தீவுக்காரர்களே இது அதிகம் என்றார்கள். அடுத்த வருஷம் அரசு 500 என்று வரம்பு வைத்தது.

இனி பண்பாடு. மெரினாவில் கத்தியவன் நான்தான் என்பதால் எனக்கு இதைப் பேச உரிமை உண்டு. ஜல்லிக்கட்டில் மாட்டைக் கொல்வதில்லை, அது வேறு விஷயம். ஆனால் "எங்கள் வழக்கம், நீ கேட்காதே" என்ற வாதம் தைஜிக்கும் ஃபேரோவுக்கும் நமக்கும் ஒன்றுதான். 2003இல் கோயில்களில் கிடாய் வெட்டக் கூடாது என்று பழைய சட்டத்தை நம் அரசு தூசி தட்டி எடுத்தபோதும் ஊர் ஊராக இதே பேச்சு எழுந்தது. 2004இல் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தார்கள். எங்கள் ஊரில் அந்த ஒரு வருஷம் பூசாரி தலைமறைவாக இருந்தார். கறிக்கடையில் மட்டும் எப்போதும்போல் வெட்டினார்கள். சாமி பெயரில் வெட்டினால் குற்றம், விலைக்கு வெட்டினால் வியாபாரம் என்றால் எங்கள் அப்பாவுக்குக் கோபம் வராதா? வெளியிலிருந்து கேட்பவன் முதலில் தன் தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும்.

ஆனால் கேட்கவே கூடாது என்பதை நான் இப்போது ஒப்புக்கொள்வதில்லை. கேட்டதால்தான் ஜல்லிக்கட்டுக்கு மருத்துவப் பரிசோதனையும் விதிமுறையும் வந்தன. 2023இல் உச்ச நீதிமன்றம் நம் சட்டத்தை ஏற்றுக்கொண்டபோது அந்த விதிகளும் சேர்ந்துதான் எடை போடப்பட்டன. ஃபேரோவில் 2015 முதல் பயிற்சி பெற்றுச் சான்று வாங்கியவர்தான் திமிங்கிலத்தைக் கொல்லலாம். வழக்கத்தை மதிக்கிறவன் அதில் வலியைக் குறைக்கவும் பார்ப்பான்.

அப்படியானால் நீ என்ன சொல்கிறாய் என்று கேட்பீர்கள். இனுபியாட் வேட்டையைத் தடுக்க எனக்கு மனமில்லை. சேய், துடுப்புத் திமிங்கிலங்களை வணிகத்துக்காகப் பிடிப்பது தப்பு என்றே நினைக்கிறேன். மிங்கியில் எண்ணிக்கைக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அந்த 18 சதவீதத்துக்கு இல்லை, தேவைக்கும் இல்லை. அந்த ஃபைல் இன்றைக்கு வந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் காரணத்தோடு சொல்வேன், முகம் சுளித்துக்கொண்டு சொல்ல மாட்டேன்.

2021இல் ஊருக்குத் திரும்பினேன். இப்போதும் கோழி நிலையங்களுக்குக் குளிர்பதன வேலை வருகிறது. கணக்குப் போடும் முன் ஒன்று கேட்கிறேன்: "அறுக்கும் முன் மயக்கம் போட வைக்கும் கருவி இருக்கிறதா, ஒழுங்காக வேலை செய்கிறதா?" இதுவரை மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவர் சிரித்தார். ஒருவர் விலை கேட்டுவிட்டு விட்டுவிட்டார். ஒருவர் ரிப்பேராகிக் கிடந்ததைச் சரி செய்தார். புரட்சி என்று சொல்ல மாட்டேன். மூன்றில் ஒன்று. பாஸ் மார்க்குக்குக் கொஞ்சம் குறைவுதான். நம் கல்லூரியில் அரியர் வைத்துப் பாஸ் பண்ணுவது புதிதல்லவே!

வள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமும் கொல்லாமைக்கு இன்னோர் அதிகாரமும் தனித்தனியாக வைத்தார். தின்பது ஒரு கேள்வி, கொல்வது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு உங்கள் வீட்டுப் பதில் என்னவாகவும் இருக்கட்டும். ஆனால் நாளைக்கு உங்கள் மேஜைக்கும் ஒரு ஃபைல் வரும். திமிங்கிலமாக இருக்காது, கோழியாக இருக்கலாம், சாயப்பட்டறையாக இருக்கலாம், அணையாக இருக்கலாம். டன்னும் கிலோவாட்டும் கேட்டு முடித்த பிறகு, இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். இங்கே சொல்லித் தராதது அது ஒன்றுதான். பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

கச்சோ போன வருஷம் ஓய்வு பெற்றார். நான் கோழி நிலையத்துக்காரர்களிடம் கேட்கும் கேள்வியைப் பற்றி எழுதியிருந்தேன். "கிடாய் இன்னும் சிலிர்க்கிறதா?" என்று பதில் எழுதியிருந்தார். அவரிடம் அந்தக் கதையைச் சொன்னதையே நான் மறந்துவிட்டிருந்தேன்.

வெளியே சாப்பாடு தயாராகிவிட்டது என்று செயலாளர் அண்ணன் சைகை காட்டுகிறார். சைவம் இடது பக்கம், அசைவம் வலது பக்கமாம். யார் எந்தப் பக்கம் போனாலும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவோம். இந்தத் தடவை ஒருவரை ஒருவர் கொஞ்சம் கேட்டுக்கொண்டும் சாப்பிடுவோம்.